ஜாதகப் பெட்டி படுத்துக்கொண்ட வாரம்

“...ஒளிச்சு மறைக்கிறதுக்கு இதுல ஒண்ணுமில்லம்மா. எனக்கு இன்னைக்கு ரெண்டாவது நாளு. நான் தொட்டா பொட்டிக்குத் தீட்டுங்கிறாக எங்க மொதலாளி. ஜாதகம் உங்க மகளுது. நீங்களே சொல்லுங்க, அடிக்கட்டுமா, வேணாமா?”

இப்படிக் கேட்டவள் இருபது வயதைத் தாண்டிய ஒரு பெண். கேட்ட இடம், தேனி பஸ் நிலையத்துக்கு எதிர்ச் சாரியில் இருந்த கம்ப்யூட்டர் ஜாதகக் கடை. அவள் கேட்டது, மகளுக்குப் பொருத்தம் பார்க்கக் கூடலூரிலிருந்து புருஷனோடு வந்திருந்த ஓர் அம்மாவிடம். அந்த அம்மாவின் புருஷன் மூக்குப்பொடி மட்டையைத் திறந்தவர், விரலை உள்ளே விட்டபடி அப்படியே உட்கார்ந்திருந்தார். மாதவிலக்கு என்ற பேச்சை நாலு பேர் நடுவில், அதுவும் ஆம்பளைகள் காதுபட, ஒரு பெண் வாய்விட்டுச் சொல்லி அன்றைக்குத்தான் நான் கேட்டேன். அவள் அப்படிக் கேட்கும்படி ஆனது எப்படி என்று சொன்னால்தான் உங்களுக்கும் விளங்கும்.

எண்பதுகளின் கடைசி அது. எங்கள் பக்கத்தில் கம்ப்யூட்டரைக் கண்ணால் பார்த்தவர்களே குறைவு. பார்த்தவர்களும் ஜாதகக் கடையில்தான் பார்த்திருப்பார்கள். பிறந்த நாளும் நேரமும் ஊரும் சொன்னால், டிவிப் பெட்டி மாதிரி ஒன்றில் எழுத்து ஓடும். பக்கத்தில் இன்னொரு மெஷின் கரகரவென்று கத்திக்கொண்டே காகிதத்தைத் துப்பும். சின்னமனூர்க்காரர் ஒருவர் அந்தக் காகிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, “இதுக்குப் பங்காளியும் இல்ல, பகையாளியும் இல்ல. இது எதுக்குய்யா பொய் சொல்லப்போகுது?” என்றார். அந்தக் காலத்து ஜனங்களின் நம்பிக்கையை அதைவிட அழகாக யாரும் சொல்லிவிட முடியாது. நான் அதிகம் படித்தவன் இல்லை. ஆனால் இப்படி யாராவது வாயிலிருந்து ஒரு சொல் விழுந்தால் போதும், பலாப்பிசின் மாதிரி மனசில் ஒட்டிக்கொள்ளும். பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்களிடம் பேச்சுக்கொடுத்து, கல்யாண வயதில் பிள்ளை வைத்திருப்பவர்களைக் கடைக்குக் கூட்டிவருவதும், அவர்கள் சொல்கிற விவரத்தைச் சீட்டில் எழுதி உள்ளே நீட்டுவதும்தான் என் வேலை.

முதலாளி அதற்கு முன் சாமிப் படங்களுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு விற்றவர். கடையின் பின்பாதியில் அப்போதும் முருகனும் மீனாட்சியும் சட்டம் இல்லாமல் சுவரில் சாய்ந்து நிற்பார்கள். மற்றக் கடைக்காரர்களுக்கு வருஷத்தில் ஒருநாள் ஆயுத பூஜை. இவருக்குத் தினமும். காலையில் கடை திறந்ததும் கம்ப்யூட்டருக்குச் சந்தனம், குங்குமம், ஒரு முழம் மல்லிகை. பிறகு சாம்பிராணி. பெட்டியின் பின்பக்கம் காற்றாடி சுற்றுகிற இடத்தில் தூபக்காலைப் பிடித்துக்கொண்டு நிற்பார். “பொட்டியும் மூச்சு விடுதுல்ல. அதுக்கும் வாசம் போகட்டும்” என்பார். கெட்ட மனிதர் என்று அதுவரை நான் அவரை நினைத்ததில்லை. பசி என்று வந்தவனுக்கு டீயும் பன்னும் வாங்கிக் கொடுப்பார். அதனால்தான் பின்னால் நடந்தது எனக்கு இன்னும் கசந்தது.

அந்தப் பெண் கெங்குவார்பட்டிப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. பெரியகுளத்தில் டைப் அடிக்கப் படித்து, பிறகு மதுரையில் அத்தை வீட்டில் தங்கிக் கம்ப்யூட்டரும் படித்துவிட்டு வந்தவள். தேனியிலேயே அந்தப் பெட்டியை ஓட்டத் தெரிந்த பெண் அவள் ஒருத்திதான் என்று கடைத்தெருவில் பேசிக்கொள்வார்கள். அவளுடைய அப்பா முதல் நாள் கொண்டுவந்து விட்டபோது என் எதிரில்தான் சொன்னார்: “வேலைக்குப் போறது சரி. ஒம்மேல ஒரு பேச்சு வந்துச்சுன்னு என் காதுல விழுந்துச்சு, அன்னைக்கே கூட்டிட்டுப் போயிருவேன் பாத்துக்க. அப்பறம் மாப்பிள்ளதான்.” அவள் சிரித்துக்கொண்டே தலையாட்டினாள். அந்த நாற்காலி அவளுக்கு என்னவாக இருந்தது என்பது அவள் அதில் உட்காருகிற தோரணையிலேயே தெரியும். முதுகு நிமிர்ந்திருக்கும். பொத்தான்களைப் பார்க்காமலே அடிப்பாள்.

அதுவரை ஜாதகம் இங்கிலீஷ் எழுத்தில்தான் வந்தது. இனிமேல் தமிழிலேயே வரும் என்று, பெட்டியை விற்ற மதுரைக் கம்பெனி புதிய பிளாப்பிகளை பஸ்ஸில் கொடுத்தனுப்பியது. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பிளாப்பி தெரியாது. கறுப்பாக, சதுரமாக, அப்பளக்கட்டு அகலத்தில் இருக்கும். உள்ளே வட்டமாக ஒரு பிலிம். அந்தப் பிலிம் வெளியே தெரிகிற மாதிரி கறுப்பு உறையில் நீளவாக்கில் ஒரு திறப்பு. பெட்டி அந்தத் திறப்பு வழியாகத்தான் அதைப் படிக்கும். எங்கள் கம்ப்யூட்டர் கண் விழிப்பதே பிளாப்பியைப் படித்துத்தான். முதல் பிளாப்பியைப் படிக்காவிட்டால் அது வெறும் தகரம்.

வெள்ளிக்கிழமை. ராகுகாலத்துக்கு முன்னால் ஆரம்பித்துவிட வேண்டும் என்று முதலாளி விடிந்ததிலிருந்து பறந்தார். புதுப் பிளாப்பிகளைத் தாம்பாளத்தில் வைத்து, பின்பாதியில் சாமிப் படங்களுக்கு முன் எங்களுக்கு முதுகைக் காட்டியபடி பூஜை செய்தார். “மொதத் தடவ என் கையால போடுறேன், என் கைராசி அப்படி” என்று பிளாப்பியைத் தாளுறையிலிருந்து உருவி அவரே உள்ளே தள்ளினார். அவள் பெட்டியின் வாயை மூடுகிற கொண்டியைத் திருப்பி, சுவிட்சைத் தட்டினாள்.

பெட்டி கர்ரென்றது. மறுபடி கர்ரென்றது. தொண்டையில் முள் சிக்கியவன் காறுகிற மாதிரி ஒரு சத்தம். திரையில் இங்கிலீஷில் ஒரு வரி வந்து நின்றது.

“என்ன சொல்லுது?”

“பிளாப்பியப் படிக்க முடியலங்குது மொதலாளி. வேற போட்டு ஏதாச்சும் ஒரு பொத்தான அமுக்கச் சொல்லுது.”

அவள் அணைத்துப் போட்டாள். கரண்டு சரியாக வருகிறதா என்று ஸ்டெபிலைசர் முள்ளைப் பார்த்தாள். பின்னால் இருந்த ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி ஊதி மாட்டினாள். மறுபடி சுவிட்ச். மறுபடி காறல். “புதுப் பிளாப்பிலதான் கோளாறுன்னு நெனைக்கேன். பழசப் போட்டுப் பாத்தா தெரிஞ்சுரும்” என்று கையை நீட்டினாள்.

“நீ தொடாத” என்றார் முதலாளி. சடாரென்று வந்தது அந்தச் சொல். அவரே புதுசை உருவி, சடக்கென்று தாளுறையில் திணித்துவிட்டு, இத்தனை நாளும் ஒழுங்காக ஓடிய பழைய பிளாப்பியை உள்ளே தள்ளினார். அதற்கும் அதே காறல். அதே வரி.

“பழசும் படிக்கலன்னா கோளாறு பிளாப்பில இல்ல. படிக்கிற எடத்துலதான். மதுரையில இருந்து ஆளு வரணும்” என்றாள் அவள்.

முதலாளி அவளை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, வெல்லப்பாகு மாதிரி இழைத்துக் கேட்டார்: “தலைக்குக் குளிச்சுட்டுத்தான வந்த, ஆத்தா?”

விலக்கு முடிந்து குளித்தாயா, இல்லை இன்னும் விலக்கிலா என்பதுதான் எங்கள் ஊரில் அந்தக் கேள்விக்கு அர்த்தம். அவளுக்கு முகம் கறுத்துவிட்டது. “அதெல்லாம் ஒண்ணுமில்ல மொதலாளி” என்றாள். அவள் உள்ளே தண்ணீர் குடிக்கப் போனதும் அவர் என் பக்கம் குனிந்து, “பொம்பளப் பிள்ளைக இதுல நெசம் சொல்லாதுக. நீ நைசாக் கேட்டுப் பாரேன்” என்றார். அவர் வாயிலிருந்து வந்த வெற்றிலை வாடையைக்கூட என்னால் பொறுக்க முடியவில்லை. “அத என்கிட்டச் சொல்லாதீக அண்ணே. எனக்கும் தங்கச்சிக இருக்கு” என்று சொல்லிவிட்டு பஸ் நிலையத்துக்குப் போய்விட்டேன்.

மதுரை ஆள் வருகிறவரை கடை படுத்தது. பஸ் நிலையம் சும்மா இருக்குமா? டீக்கடைக்காரர், “ஊருக்கெல்லாம் ஜாதகம் சொல்ற பொட்டி, தனக்குக் கண்டம் இருக்குன்னு முன்னாடியே பாக்கலியா?” என்று கேட்டுவிட்டு அவரே சிரித்தார். குமுளியிலிருந்து வந்த ஏலக்காய்த் தரகர் ஒருவர், “பெட்டிக்குப் பனியாணோ?” என்று விசாரித்தார். மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல். நானும் சிரித்தேன். ஆனால் அன்று சாயந்திரமே அந்தச் சிரிப்பு நின்றுபோனது. பூக்காரம்மா என்னைக் கூப்பிட்டு, “அந்தப் பிள்ள விலக்கா இருக்கயில தொட்டுருச்சாம்ல? ஒங்க மொதலாளிதான் சொன்னாக” என்றாள். “அப்படி ஒண்ணுமில்லக்கா” என்றேன். “எனக்கென்னப்பா, சொன்னதச் சொல்றேன்” என்று பூவைக் கிள்ளினாள். கெங்குவார்பட்டி பஸ் நிற்பது அந்தப் பூக்கடைக்கு முன்னால்தான். அவளுடைய ஊர்க்காரர்கள் ஏறி இறங்குகிற இடம். அவளுடைய அப்பா சொன்ன ‘ஒரு பேச்சு’ அங்கேயே உட்கார்ந்து பஸ்ஸுக்குக் காத்திருக்கிற மாதிரி எனக்குத் தோன்றியது.

திங்கட்கிழமை மதுரையிலிருந்து ஆள் வந்தார். டை கட்டிய சின்ன வயசுக்காரர். பெட்டியின் திருகுகளைக் கழற்றி மூடியைத் தூக்கினார். தூக்கிய வேகத்திலேயே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நானும் எட்டிப்பார்த்தேன். பார்த்திருக்க வேண்டாம். உள்ளே முழுக்கச் சாம்பிராணிப் புகை எண்ணெய்ப்பிசுக்காகப் படிந்து, அதன்மேல் தூசி ஒட்டிக் கறுப்புக் கம்பளி மாதிரி கிடந்தது. அதில் அழுகிக் காய்ந்த மல்லிகைப் பூக்கள். கரப்பான் பூச்சிகள் நாலாபக்கமும் சிதறி ஓடின. ஒன்று முதலாளியின் வேட்டிமேல் ஏறியது. ஒரு மூலையில் பல்லி முட்டை. இன்னொரு மூலையில் செத்த பல்லியே, தோலும் எலும்புமாக, பச்சைத் தகட்டோடு ஒட்டிக்கொண்டு. நாற்றம் எது என்று பிரித்துச் சொல்லமுடியாது. கோயிலும் சாக்கடையும் கலந்த நாற்றம். இதற்குத்தான் தினமும் கற்பூரம் காட்டிக் கன்னத்தில் போட்டுக்கொண்டோம் என்று நினைத்துக்கொண்டேன்.

“சார், இது கம்ப்யூட்டரா, இல்ல ஒங்க வீட்டு அடுப்பா?” என்றார் மதுரைக்காரர்.

பிறகு பிளாப்பி போகிற பாகத்தைத் தனியாகக் கழற்றினார். பிலிமைப் படிக்கிற முனை மிளகளவுகூட இருக்காது. பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டு அதைத் துடைத்தார். பஞ்சு மஞ்சளாக வந்தது. மோந்து பார்த்தார். புருவத்தைச் சுருக்கிக்கொண்டு புதுப் பிளாப்பியைத் தாளுறையிலிருந்து உருவினார். திறப்பில் தெரிந்த பிலிம்மேல் சந்தனம் வட்ட வட்டமாக இழுபட்டுக் காய்ந்திருந்தது. நடுவில் குங்குமச் சிவப்பு. பழைய பிளாப்பியிலும் அதே வட்டம், அதே மஞ்சள்.

“இதுல யாரு சந்தனம் வெச்சது?”

முதலாளி தயங்கவே இல்லை. “நான்தான். நல்ல காரியம்னா வெக்காமயா? அந்த நீளமான எடம் நெத்தி மாதிரி இருந்துச்சு. அதான் அங்கன வெச்சேன்.”

மதுரைக்காரர் தலையில் கைவைத்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தப் பெண்ணுக்கும் வந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பாடா, தீர்ந்தது, வந்த பழி போயிற்று என்றுதான் நான் நினைத்தேன். ஆட்டை வெட்டுகிறவன்கூட ரத்தத்தைக் கண்ணால் பார்த்தால் வெட்டியது தான்தான் என்று ஒப்புக்கொள்வான். எங்கள் முதலாளி ஒப்புக்கொள்ளவில்லை.

“சந்தனம் பட்டு ஒரு பொருள் கெட்டதா இந்த ஒலகத்துல உண்டா?” என்றார். “சாமி படத்துக்கெல்லாம் காலங்காலமா வெக்கிறேன், எது கெட்டுப்போச்சு? சந்தனம் சந்தனமா இருந்தா கெடுக்காது. தீட்டுப் பட்ட கையி கொண்டிய மூடுச்சு. அதுல சந்தனமே வெசமாயிருச்சு. என்ன தம்பி, நான் சொல்றது சரிதான?”

மதுரைக்காரர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். படித்தவர், டை கட்டியவர்; அவர் சொன்னால் முதலாளி கேட்டிருப்பார். அவரோ அந்தப் பெண்ணை ஒருதரம் பார்த்துவிட்டு, ஈ என்று இளித்து, “அதெல்லாம் ஒங்க நம்பிக்கை சார். எனக்குச் சந்தனம், புகை, தண்ணி மூணும் பொட்டி பக்கமே வரக்கூடாது. அவ்வளவுதான்” என்றார். அந்த இளிப்பைவிடச் செத்த பல்லி எவ்வளவோ மேல். புதுப் பிளாப்பிகளை மறுபடி அனுப்புவதாகச் சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டார்.

புதன்கிழமை புதுப் பிளாப்பிகள் வந்தன. இந்தமுறை அவற்றை அவளே போட்டாள். பெட்டி காறாமல் விழித்துக்கொண்டது. திரையில் முதன்முதலாகத் தமிழ் எழுத்து ஓடியதைப் பார்த்து அவள் கைதட்டினாள். ஒரு நாழிகைகூட ஆகவில்லை, முதலாளி தேதி கிழிக்கிற காலண்டருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு அவளைக் கூப்பிட்டார். மறுபடியும் அதே வெல்லப்பாகுக் குரல்.

“இங்கன பாரு ஆத்தா. நடந்தது நடந்துபோச்சு. ஒன்ன நான் எம்மக மாதிரி வெச்சிருக்கேன். மாசாமாசம் அந்த நாளு வர்றப்ப இந்தத் தேதில நீயே ஒரு வட்டம் போட்டுரு. அன்னைக்கெல்லாம் உள்ள வரவேண்டாம். வெளிய பெஞ்சுல உக்காந்து, வர்றவுகளுக்கு வெவரம் சொல்லு. யாருக்கும் தெரியாது.”

யாருக்கும் தெரியாதாம். பஸ் நிலையத்துக்கு நேர் எதிரே, பூக்காரம்மாவுக்குப் பத்தடி தூரத்தில், மாதாமாதம் அவளைக் கொண்டுபோய்ப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, யாருக்கும் தெரியாதாம். அவர் மகளுக்கு அப்படி ஒரு பெஞ்சு போடுவாரா என்று கேட்க எனக்கு நாக்கு துடித்தது. “அண்ணே, இது நல்லால்ல” என்று மட்டும் சொன்னேன். “ஒனக்கு ஒண்ணும் தெரியாது, நீ பஸ்ஸப் பாரு” என்றார். அவளோ நாற்காலிக்குப் போய் உட்கார்ந்து, ஏதோ அடித்து அடித்து அழித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் வியாழக்கிழமை மதியத்துக்கு மேல் கூடலூர் அம்மாவும் அவர் புருஷனும் வந்தார்கள். நான்தான் கூட்டிவந்தேன். மறுநாள் காலை மாப்பிள்ளை வீட்டார் பூ வைக்க வருகிறார்கள். அதற்குள் பொருத்தம் கையில் இருக்கவேண்டும். அவர்களை உட்காரவைத்துவிட்டு நான் சீட்டை எடுக்கையில், முதலாளி அவள் காதருகே போய்க் கேட்டார். அதே கேள்விதான். தலைக்குக் குளிச்சியா.

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். “இல்ல” என்றாள்.

முந்தின வெள்ளிக்கிழமை கெட்ட பெட்டிக்கும், முந்தாநாள்கூட இல்லாத விலக்குக்கும் என்ன சம்பந்தம் என்று அவர் நினைத்துப் பார்த்திருக்கலாம். அவருக்கு அதெல்லாம் தேவைப்படவில்லை. பிடித்துவிட்டோம் என்கிற சந்தோஷம் அந்த முகத்தில் எண்ணெய் மாதிரி மினுங்கியது. “நான் சொல்லல?” என்று என்னைப் பார்த்தார். பின்பாதிக்குப் போய்ச் சொம்பில் மஞ்சள் தண்ணீரும் மாவிலையுமாக வந்தார். கூடலூர்க்காரர்களைப் பார்த்து, “பொட்டிக்குக் கொஞ்சம் ஒடம்பு சரியில்ல. ரெண்டு மூணு நாள் கழிச்சு வாங்க” என்றார். அவளிடம் திரும்பி, “நீ எந்திரிச்சு வெளிய போயி உக்காரு ஆத்தா. இங்கன தெளிக்கணும்” என்றார்.

“நாளைக்குக் காலம்பற மாப்ள வீட்டுக்காரக வந்துருவாகளே! நான் அவுகளுக்கு என்னத்தச் சொல்ல?” என்று அந்த அம்மா எழுந்துவிட்டார்.

அப்போதுதான் அவள் அந்த அம்மா பக்கம் திரும்பி, முதலில் சொன்னேனே, அதைக் கேட்டாள். பெஞ்சில் உட்கார்ந்தால் ஊருக்கே தெரியப்போவதைத் தன் வாயாலேயே சொல்லிவிட்டாள். குரல் நடுங்கவில்லை என்று சொன்னால் பொய். நடுங்கியது. ஆனால் கடைசிவரை கேட்டு முடித்தாள்.

கூடலூர் அம்மா முதலில் அவளைப் பார்த்தார். பிறகு சொம்பைப் பார்த்தார். அப்புறம் முதலாளியைப் பார்த்தார்.

“இதுக்குத்தானாய்யா பொட்டிக்கு ஒடம்பு சரியில்லன்னீரு? நல்லாருக்கு ஒம்ம கூத்து! நான் எத்தன நடவுக்கு இப்படி எறங்கிருக்கேன். வரப்புல உக்காந்துக்கன்னு எவன் சொன்னான்? நாத்து என்ன, வேருக்குப் பதிலா தலையவா ஊனுச்சு? அந்த அரிசியத்தான நீரும் திங்கிறீரு?”

“ஏ, சும்மா இரு” என்றார் புருஷன்.

“நீங்க பொடியப் போடுங்க” என்றார் அந்த அம்மா, அவரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல். “அடி தாயி, நீ அடி. எம்மக சாதகம் ஒங்கையாலயே வரட்டும். நேரமாச்சுன்னா எனக்கு பஸ்ஸு இல்ல.”

முதலாளி மாவிலையைச் சொம்பில் முக்கி எடுத்துப் பெட்டியை நோக்கி ஓங்கினார். இலையிலிருந்து மஞ்சள் தண்ணீர் சொட்டியது.

அவள் எழுந்து ஓர் எட்டு வைத்து, மாவிலையோடு அந்தச் சொம்பை அவர் கையிலிருந்து வாங்கினாள். பிடுங்கவில்லை, வாங்கினாள். வாசலுக்குப் போய்த் தெருச் சாக்கடையில் கொட்டினாள். வெறுஞ்சொம்பை முதலாளி அவளுக்கென்று ஒதுக்கிய வாசல் பெஞ்சில் கவிழ்த்து வைத்தாள். கையைத் துணியில் ஈரம் போகத் துடைத்துக்கொண்டு வந்து, நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பிளாப்பியை உள்ளே தள்ளிக் கொண்டியைத் திருப்பிவிட்டு, “பொண்ணு பொறந்த நேரம் சொல்லுங்கம்மா” என்று விரல்களைப் பொத்தான்கள்மேல் வைத்தாள்.